என்னைக் கேட்காமல் சொன்ன பதில்

அந்தத் தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அங்கே வேலை பார்த்த அப்போதிக்கரி யாரென்று ஊர்காவற்றுறையிலிருந்து நெடுந்தீவு வரைக்கும் தெரிந்துவிடும். அவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேரை நான்தான் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தேன். அவர்களுக்காகப் பெயரை விடுகிறேன். கோபத்தை விடுவதாக இல்லை.

அப்போதிக்கரி என்பவர் முழு டொக்டர் அல்ல. மருந்து கொடுக்கப் படித்து, சின்ன ஊர்களில் அரசாங்க டிஸ்பென்சரியை நடத்தும் உத்தியோகத்தர். ஆனால் டொக்டரே இல்லாத தீவில் அவர்தான் டொக்டர். ஊர்ப் பெரியவரும் அவர்தான். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் கதிரையில் இருந்தால், மாதாகோயிற் சுவாமியார்கூட நின்றுகொண்டுதான் கதைப்பார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. அடுத்த மாரிக்கே என் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணை வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணைக்கு ஒரு வள்ளம் இருந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து டிஸ்பென்சரிக்கு வரும் மருந்துப் பெட்டிகளை அந்த வள்ளம்தான் ஏற்றி வரும். அந்த வேலையைக் கொடுத்தவர் அப்போதிக்கரி. அதனால் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் எதிர்ச்சொல் கிடையாது.

பெண் நோயாளிகள் ஆணிடம் புண்ணைக் காட்டமாட்டார்கள். வயிற்று நோவைச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் டிஸ்பென்சரிக்கு உதவிக்கு ஒரு பெண் அற்றெண்டன் வைத்துக்கொள்ள உத்தரவு வந்தது. அப்போதிக்கரி அண்ணையைக் கூப்பிட்டு, "உம்மடை தங்கச்சி எட்டாம் வகுப்புப் படிச்சவ எல்லே, சும்மாதானே இருக்கிறா, அனுப்பும்" என்றார். நான் அனுப்பப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். அண்ணியின் கண்ணுக்கு முன்னால் நாள் முழுவதும் இருக்கத் தேவையில்லை என்பதே பெரிய விடுதலை.

வேலை பிடித்துக்கொண்டது. காயத் துணிகளை அவிப்பேன், புண் கழுவுவேன், தண்ணி மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பேன், இரண்டு கட்டில் போட்ட அறையைக் கூட்டித் துடைப்பேன். பெண்கள் என்னிடம் வந்து காதுக்குள் சொல்லும் நோயை அப்போதிக்கரிக்குப் போய்ச் சொல்வேன். இதெல்லாம் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

சம்பளம் இல்லாத வேலை ஒன்றும் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்னால் அவருடைய குவாட்டர்ஸ், அரசாங்கம் கொடுத்த வீடு. முதல் மாதமே அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒருக்கா இந்த மிளகாயை அரைச்சுத் தாரும்" என்றா. அந்த ஒருக்கா ஆறு வருஷம் நடந்தது. நோயாளிகள் குறைந்த நேரமெல்லாம் நான் அவர்களின் குசினியில். மிளகாய், தேங்காய், கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகளின் உடுப்பு. அரசாங்கம் நோயாளிகளுக்காக வைத்த ஆளை அவர் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டார். ஊரில் ஒருவரும் அதைப் பிழையாக நினைக்கவில்லை. நானும் அப்போது நினைக்கவில்லை. அந்த அம்மா நல்லவ. பெருநாளுக்குச் சீலை தருவா. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சி அனுப்புவா.

அப்போதிக்கரி என்னைப் புகழ்வார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "இவ இல்லாட்டி எனக்கு ஒரு கை இல்லை" என்பார். முதல் முதல் கேட்டபோது என் நெஞ்சு நிறைந்துபோனது. ஒருவருக்குக் கையாக இருப்பது எவ்வளவு கேவலம் என்று விளங்க எனக்குக் காலம் எடுத்தது. கைக்குத் தனியாக எங்கேயும் போகும் உரிமை இல்லை.

டொக்டர் ஊர்காவற்றுறையில் இருந்தார். மாதத்தில் ஒரு நாள் வள்ளத்தில் வந்து, கடும் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் போய்விடுவார். யாழ்ப்பாணத்து மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒரு மார்கழி மாதம் அவர் வந்த அன்று வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. வள்ளம் விட ஏலாது என்று வள்ளக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். டொக்டர் டிஸ்பென்சரியில் தங்கினார்.

அன்று பின்னேரம் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பிள்ளை வயிற்றிலிருந்து இறங்காமல் கிடந்தது. ஊர் மருத்துவிச்சி கையை விரித்துவிட்டா. அப்போதிக்கரி யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணவீட்டுக்குப் போயிருந்தார். டொக்டரும் நானும்தான். பிள்ளைக்குக் கால்தான் முன்னால் வந்தது. அதை எடுத்த கையோடு டொக்டர் என்னிடம் தந்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பிவிட்டார், அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை நீலமாக இருந்தது. அழவில்லை.

"வாயைத் துடையும். காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கும். முதுகைத் தேயும், பயப்படாமல் தேயும்" என்று அவர் திரும்பிப் பாராமலே சொன்னார்.

நான் தேய்த்தேன். நனைந்த துணிப்பொம்மை போலத் தொங்கிய அந்தச் சின்ன உடம்பு திடீரென்று ஒருமுறை துடித்தது. பிறகு பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பிறகு பெரிய சத்தம். என் வாழ்நாளில் நான் என்னவாக இருக்கவேண்டும் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கை கழுவும்போது டொக்டர் சொன்னார்: "உமக்குக் கை நடுங்கேல்லை. மருத்துவிச்சிப் படிப்புக்குப் பொம்பிளையளை எடுக்கினம். யாழ்ப்பாணப் பட்டணத்து ஆசுபத்திரியிலை ஒரு வருஷம். நீர் போகவேணும்."

காற்று அடங்கியபோது அப்போதிக்கரியும் திரும்பி வந்துவிட்டார். டொக்டர் வள்ளத்தில் ஏறுமுன் அவரிடம் சொன்னார். நான் டொக்டரின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இந்தப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புங்கோ. இப்பிடியான ஆக்கள் எங்களுக்கு வேணும்."

"ஓம் ஐயா, ஓம், கட்டாயம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது" என்றார் அப்போதிக்கரி.

நான் அந்த வார்த்தையை நம்பினேன். மாதம் போனது. நான் கேட்டபோது, "இந்த வருஷம் ஆக்கள் நிரம்பிப்போட்டுது, அடுத்த வருஷம் பாப்பம்" என்றார். அடுத்த வருஷம் கேட்டபோது, "அங்கை எல்லாம் இங்கிலீசிலைதான் படிப்பிக்கிறது, உமக்கு இங்கிலீசு வேணும்" என்றார். தபால்கந்தோர் நடத்தியவரின் மனைவிக்கு இங்கிலீசு தெரியும். அவ வீட்டுக்கு நெல்லுக் குத்திக் கொடுத்து, பதிலுக்கு எழுத்தும் வாசிப்பும் படித்தேன். பகல் முழுக்க வேலை. விடிவதற்கு முன் எழுந்து அடுப்படி வெளிச்சத்தில் பாடம். பிறகு பட்டணத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது, பாடம் எல்லாம் தமிழில் என்று. அவர் தெரிந்தே பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் யோசித்ததில்லை. தெரிந்துகொள்ள அவர் அக்கறைப்படவில்லை. அது பொய்யைவிடக் குறைந்ததல்ல.

மூன்றாம் வருஷம் அவர் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. "அம்மாவின்ரை நிலைமை தெரியும்தானே. இப்ப போய்க் கேக்கிறீரே" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆம், வெட்கப்பட்டேன். தன் வாழ்வைக் கேட்கப் போனவள் வெட்கப்பட்டுத் திரும்பும்படி செய்வது ஒரு திறமை. அவருக்கு அது இருந்தது.

அந்த வருஷம் ஆவணியில், தீவின் கிழக்குக் கரையில் ஒரு பெண் பிள்ளை பெற்று, ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். எனக்குத் தெரிந்தவள். கோயிலில் எனக்கு முன்வரிசையில் முழந்தாளிடுவாள். ஆள் ஓடிவந்து செய்தி சொன்ன நேரம் நான் குவாட்டர்ஸ் குசினியில் அம்மிக்கு முன்னால் இருந்தேன். அப்போதிக்கரி கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். நாங்கள் போனபோது பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையில் மிளகாய் எரிவு இருந்தது. அதோடுதான் அவளின் கண்ணை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதத்தில், டொக்டர் வேலை முடித்துத் துறைக்கு நடந்தபோது வழக்கம்போல நான் பையோடு போனேன். அப்போதிக்கரி அன்று வரவில்லை, குழந்தைக்குப் பேர் வைக்கும் விசேஷம் வீட்டில். டொக்டர் நடந்துகொண்டே சொன்னார்:

"உம்மிலை எனக்கு மனவருத்தம், பிள்ளை. நான் மூண்டு தரம் கேட்டும் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டீர். பட்டணத்துக்கு வர அவ்வளவு பயமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னட்டை ஆர் கேட்டது ஐயா?" என்றேன்.

அவர் நின்றார். "நான் ஒவ்வொரு வருஷமும் அப்போதிக்கரியிட்டைக் கேக்கிறனான். நீர் தீவை விட்டு வரமாட்டீராம். வீட்டிலையும் விடமாட்டினமாம். சரி, விருப்பமில்லாத ஆளை என்னெண்டு கூப்பிடுறது?"

வள்ளக்காரன் கூப்பிட்டான். டொக்டர் ஏறிப் போய்விட்டார். நான் பையைக் கொடுத்தேனா, அவரே வாங்கிக்கொண்டாரா என்று நினைவில்லை. திரும்பி நடந்தபோது காலடி மணல் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

டிஸ்பென்சரிக்குள் சனம் நிரம்பி இருந்தது. விசேஷ வீட்டுக்கு நடுவே எழுந்து வந்த அப்போதிக்கரி, போத்தல்களில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, நான் படிக்கப் போகமாட்டன் எண்டு எப்ப சொன்னனான்?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "பிறகு கதைப்பம். சனம் நிக்குது."

"சனம் நிக்கட்டும். நான் எப்ப சொன்னனான்?"

அந்த அறையில் அவரோடு அப்படி ஒருவரும் கதைத்ததில்லை. இருமிக்கொண்டிருந்த கிழவர்கூட இருமலை நிறுத்திவிட்டார். அவர் போத்தலை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உம்மடை நன்மைக்குத்தான் சொன்னனான். பட்டணத்திலை தனிய இருந்து நீர் படுற பாடு உமக்குத் தெரியாது. இஞ்சை உமக்கு என்ன குறை? அதோடை, வேண்டாம் எண்டு சொன்னது நான் இல்லை. உம்மடை அண்ணை. போய் அங்கை கேளும்."

நான் போய்க் கேட்டேன். அண்ணை கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு பலகை இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் அவருடைய கை ஓய்ந்தது. பொய் சொல்ல அவருக்கு வராது.

"கேட்டவர்தான். முதல் வருஷமே கேட்டவர். பொம்பிளைப்பிள்ளை தனியப் போறது சரியில்லை, நீர் என்ன சொல்லுறீர் எண்டார். நான் வேண்டாம் எண்டனான்."

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

அண்ணை கடலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கேட்டால் போறன் எண்டுவாய்."

நான் வாழ்ந்த வாழ்க்கையில் என்னை இதைவிட ஆழமாக வெட்டிய வார்த்தை இல்லை. என் பதில் தெரியாமல் அவர்கள் எனக்காகப் பேசவில்லை. என் பதில் நன்றாகத் தெரிந்ததால்தான் என்னைக் கேட்கவில்லை. ஒருவருக்குத் தன் குசினி ஓடவேண்டும். மற்றவருக்கு மருந்துப் பெட்டி ஏற்றும் வேலை கையை விட்டுப் போகக்கூடாது. இரண்டு ஆண்கள் நின்று கதைத்து, ஒரு பெண்ணின் மூன்று வருஷத்தை முடித்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பெயர் பாதுகாப்பு.

அண்ணையோடு நான் அதற்குப் பிறகு பல மாதம் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

அன்றிலிருந்து குவாட்டர்ஸ் படியை நான் மிதிக்கவில்லை. டிஸ்பென்சரி வேலை முடிந்தால் வாசல் வாங்குப் பலகையில் இருந்தேன். நோயாளி வந்தால் எழும்புவேன், இல்லாவிட்டால் இருப்பேன். இரண்டாம் நாள் அந்த அம்மா, நான் வளர்த்த முந்தின குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தா. கண் கலங்கியிருந்தது.

"நான் உமக்கு என்ன குறை விட்டனான்?"

"ஒரு குறையும் இல்லை அம்மா. நான் நோயாளியளைப் பாக்க வந்தனான். உங்கடை குசினிக்கு வரேல்லை."

அவ குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினா. பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும் பிள்ளை. அவர் டொக்டருக்குச் சொன்னது எனக்குத் தெரியும். உம்மட்டைச் சொல்லவேணும் எண்டு நினைச்சனான். பிறகு இந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு பேசாமல் விட்டிட்டன்" என்றா.

உண்மையைச் சொன்னதற்காக அவவை மெச்சுவதா, மூன்று வருஷம் சொல்லாததற்காக ஏசுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் தூக்கவில்லை. அந்தக் குழந்தை மேல் எனக்குக் கோபமில்லை. தூக்கினால் திரும்பவும் உள்ளே போய்விடுவேன் என்று பயந்தேன்.

அப்போதிக்கரி என்னைத் திட்டவில்லை. அது அவர் பழக்கம் இல்லை. புண் கழுவுவதை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். மருந்து ஊற்றுவதை எடுத்துவிட்டார். கூட்டுவதும் குப்பை கொட்டுவதும் மட்டும் மிஞ்சியது. பெண் நோயாளிகள் என்னைத் தேடினால், "அவ இப்ப பெரிய ஆள், பட்டணம் போகப்போறா" என்று சிரிப்பார். சனமும் சேர்ந்து சிரிக்கும். அவர்களுக்கு நாளைக்கும் அவருடைய மருந்து வேண்டும்.

டொக்டர் அடுத்த முறை வரும்வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அண்ணையின் வள்ளத்தில் போகவும் மனமில்லை. சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும் வள்ளம் ஒன்று இருந்தது. அந்த வள்ளக்காரனிடம் கேட்டேன். அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை. "ஆடுகளுக்குள்ளை இருக்கேலுமெண்டால் வாங்கோ அக்கா" என்றான். இருந்தேன். ஊர்காவற்றுறையில் இறங்கியபோது என் சீலையெல்லாம் ஆட்டு மணம். புளியங்கூடலில் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்க் குளித்து, அவவின் சீலையை உடுத்திக்கொண்டு, அடுத்த நாள் காலை டொக்டர் வீட்டு வாசலில் நின்றேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இப்பிடி எண்டு நான் நினைக்கேல்லை. நம்பிப்போட்டன்" என்றார்.

கொழும்பில் படித்த மனிதர், அரசாங்க டொக்டர், என்னைவிட எவ்வளவோ பெரியவர். ஆனால் கோபம் முந்திவிட்டது. "நீங்கள் என்னட்டைக் கேட்டிருக்கலாம் ஐயா. மாதாமாதம் உங்கடை பையைத் தூக்கிக்கொண்டு துறைமட்டும் நான்தான் உங்களுக்குப் பக்கத்திலை வந்தனான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம். கேட்டிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையால்தான் நான் அவரை மன்னித்தேன். மற்ற இருவரும் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வயது எனக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது என்று அவர் விசாரித்துச் சொன்னார். இன்னும் ஒரு "அடுத்த வருஷம் பாப்பம்" வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். டொக்டர் எனக்காகப் பேசினார், இடம் கிடைத்தது. ஆனால் அப்போதிக்கரி என்னை விடவில்லை. பதிலுக்கு ஆள் வராமல் விட ஏலாது என்றார். ஆள் கேட்டு மேலிடத்துக்கு அவர் ஒரு சொல்லும் அனுப்பவில்லை. பொறுத்துப் பார்த்தேன். வேலையை விடுகிறேன் என்று ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். ஆறு வருஷச் சேவை அந்தத் தாளோடு போனது. பிறகு என் உத்தியோகம் புதிதாகத்தான் தொடங்கியது, நேற்றுப் பிறந்தவளைப் போல.

"பிழை விடுறீர்" என்றார் அவர்.

நான் தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

பட்டணத்தில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள், அக்கா என்பார்கள். அந்த வருஷத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றைத்தான் எழுதவேண்டும். ஒருநாள் எங்களுக்குப் படிப்பித்த தாதி, பிள்ளை பிறந்தபிறகு ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று காட்டினா. தாயின் வயிற்றின் மேல் கையை வைத்து, கருப்பை கல்லுப்போல இறுகும்வரைக்கும் உருட்டித் தேய்க்கவேண்டும். எல்லா நேரமும் அது போதாது, ஆனால் பல நேரம் அது காப்பாற்றும். கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம். ஒரு கை வேண்டும், அது எங்கே வைப்பதென்று தெரிந்த கை.

நான் எழும்பி வெளியே போய்விட்டேன். கோயிலில் எனக்கு முன்வரிசையில் முழந்தாளிட்டவள் நினைவில் வந்தாள். முதல் வருஷமே என்னை அனுப்பியிருந்தால், அந்த ஆவணியில் நான் அம்மிக்கு முன்னால் இருந்திருக்கமாட்டேன். அவள் வீட்டில் இருந்திருப்பேன். ஒருவரின் வளர்ச்சியைத் தடுத்தால் அந்த ஒருவருக்குத்தான் நட்டம் என்று உத்தியோகத்தர்கள் நினைக்கிறார்கள். நட்டப்பட்டவள் நான் மட்டும் அல்ல. நான் உயிரோடு இருக்கிறேன்.

படிப்பு முடிந்து என்னைப் புங்குடுதீவுக்கு அனுப்பினார்கள். என் தீவுக்கு அனுப்பும்படி ஒருவரும் கேட்கவில்லை, நானும் விரும்பவில்லை. புங்குடுதீவில் பிள்ளைப்பேறு பார்க்க வீடு வீடாக நடந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில், நாலு கட்டில் போட்ட ஒரு பிள்ளைப்பேற்று விடுதி திறந்தார்கள். அது என் பொறுப்பு. எனக்குக் கீழே ஒரு பெண் அற்றெண்டன். அவளுடைய புருஷன் கொழும்பில் கடை வைக்கப் போய்ச் சொல்லாமல் மறைந்துவிட்டான். ஒரு பிள்ளையோடு மாமியார் வீட்டில் இருந்தாள். நல்ல வேலைக்காரி. நான் கேட்குமுன் சுடுதண்ணீர் வந்திருக்கும். நோவோடு கத்தும் பெண்களை அவள் ஒருத்தியால்தான் அடக்க முடியும்.

ஒரு வருஷம், பயிற்சிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று எனக்குச் செய்தி வந்தது. அவளைத்தான் நினைத்தேன். நினைத்த அதே மூச்சில், இவள் போனால் எனக்கு ஆர் என்றும் நினைத்தேன். "அடுத்த வருஷம் பாப்பம்" என்ற சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எவ்வளவு லேசாக வருகிறது அந்தச் சொல். அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே எழும்பிப் போய், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"மருத்துவிச்சிப் படிப்புக்கு ஆள் எடுக்கினம். போக விருப்பமோ?"

அவள் துணியைப் பிழிந்தபடியே, "மாமியைக் கேக்கவேணும் அக்கா" என்றாள்.

"மாமியைப் பிறகு கேப்பம். நான் உம்மைத்தான் கேக்கிறன்."

அவள் பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்தாள். அவளிடம் அப்படி ஒருவரும் முன்பு கேட்டிருக்கமாட்டார்கள். கடைசியில், "விருப்பம்" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

மாமியார் வீட்டுக்கு நான் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, எல்லாம் அவளுக்கு முன்னால்தான். கிழவி சத்தம் போட்டா, ஊர் சிரிக்கும் என்றா, பிள்ளையை ஆர் பார்ப்பது என்றா. நான் பலமுறை போகவேண்டியிருந்தது. கடைசியில் கிழவி பேரனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "போய்த் துலையட்டும், இவனை நான் பாப்பன்" என்றா. அது சம்மதம்.

அவளை ஏற்றிவிட நானே ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனேன். யாழ்ப்பாணம் போகும் லோஞ்சு என்ற மோட்டார்ப் படகுக்குச் சனம் நின்றது. அந்தக் கூட்டத்துக்குள் குடையோடு ஒருவர். முடி நரைத்துவிட்டது, கோட்டு இல்லை, பென்சன் எடுத்துவிட்டார். ஆனால் அதே அப்போதிக்கரி. பக்கத்தில் இரண்டு மரியாதையான மனிதர்கள்.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அவர்களிடம் திரும்பி, "இவவைத் தெரியுமே? புங்குடுதீவு மருத்துவிச்சி அம்மா. என்ரை கையிலை வளந்த பிள்ளை. சும்மா டிஸ்பென்சரி கூட்டிக்கொண்டு திரிஞ்சவவை நான்தான் பயிற்சிக்கு அனுப்பி ஆளாக்கினனான்" என்றார்.

அவர் பொய் சொல்கிறவர் போலச் சொல்லவில்லை. அதை அவர் நம்பினார். வருஷங்கள் போகப் போக, நடந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டார். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. என் வாழ்வைத் தடுத்தது போதாதென்று, தடையை மீறிப் போனதற்கும் தானே உரிமை கொண்டாடுகிறார்.

"இல்லை ஐயா" என்றேன். "நீங்கள் அனுப்பேல்லை. நான் மாட்டன் எண்டு சொன்னதாகச் சொல்லி மூண்டு வருஷம் மறிச்சனீங்கள். நான் வேலையை விட்டிட்டுப் போனனான்."

அந்த இரண்டு மனிதர்களும் தரையைப் பார்த்தார்கள். அவருடைய முகம் கறுத்தது. "இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு நன்றி எண்டு ஒண்டு இல்லை" என்றார் அவர்களிடம், என்னிடம் அல்ல. அப்போதும் என்னிடம் நேரே கதைக்கவில்லை.

"நன்றி இருக்கு ஐயா" என்றேன். "டொக்டருக்கு இருக்கு. என்னை ஏத்திக்கொண்டு வந்த ஆட்டு வள்ளக்காரனுக்கும் இருக்கு."

அவர்களில் ஒருவர், "பெரிய மனிசரோடை இப்பிடியே கதைக்கிறது, அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை. லோஞ்சு ஊதியது. அவளுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, அவளைக் கைபிடித்து ஏற்றினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஏறி இருந்தபிறகு, அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெட்டியை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு, பட்டணம் இருக்கும் பக்கத்தைப் பார்த்து இருந்தாள்.

லோஞ்சு போய் வெகுநேரத்துக்குப் பிறகும் அவர் அந்த இருவருக்கும் ஏதோ விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் நின்று கேட்கவில்லை. வேலணைக்குப் போகும் மாட்டுவண்டியைப் பிடித்து, பிறகு வள்ளமும் ஏறவேண்டும். விடுதியில் இரண்டு பெண்களுக்கு மாதம் நிறைந்திருந்தது. சுடுதண்ணீர் வைக்க அங்கே இனி ஆளில்லை.